அளத்தில் ஒரு கதவு

என் அக்கா விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குக் கிளம்பினால், மதியம் வீடு திரும்பும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். அளத்தில் குடிதண்ணீர்க் குடம் இருந்தது. தாகமும் இருந்தது. ஆனால் குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது. அவளோடு வேலை செய்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு உப்பு வாரும் பலகையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளிதான். பாத்தி, வரப்பு, மறுபடியும் பாத்தி. வாரிய உப்பைக் குவித்து வைக்கும் மேட்டைத் தட்டுமேடு என்போம். அந்த நிலத்தில் அதுதான் உயரம். மறைவுக்கு ஒரு புதர்கூடக் கிடையாது. ஆண்கள் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் இருட்டு விலகுமுன் போய்விட்டு வந்தால் உண்டு. பிறகு வீடுதான். அடக்கவே முடியாமல் போனால் நாலைந்து பேர் சேலையை விரித்துப் பிடித்துச் சுற்றி நிற்பார்கள். அப்போதும் தூரத்தில் லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாதவிலக்கு நாட்களில் பல பெண்கள் வேலைக்கே போவதில்லை.

எனக்கு இவையெல்லாம் தெரிந்த விஷயங்களே. எங்கள் அம்மாவும் அளத்துக்குப் போனவள். ஊர்ப்பெண்கள் இதைப் பற்றிப் பேசும்போது புகார் மாதிரிப் பேசமாட்டார்கள். வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல, உப்புக்காற்றைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். யாரோ செய்யாமல் விட்ட காரியம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

நான் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று காலையிலிருந்து ஆட்கள் வருவார்கள். அரசாங்கம் எங்கள் ஊருக்குள் நுழையும் வாசல்களில் அதுவும் ஒன்று. ஒரு சித்திரை மாதக் காலையில் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் போன் வந்தது. அக்காவோடு ஜோடியாக உப்புச் சுமக்கும் பெண்மணி பேசினார். வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். புருஷன் இறந்தபின் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். அளத்தில் அவரை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏளா, ஒங்கக்கா கூடையோட விழுந்துட்டா. பேச்சு வர மாட்டேங்கு. லோடு ஆட்டோல ஏத்திட்டோம். நீ நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு."

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கட்டிலில் போட்டு ஊசிவழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கால்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உப்பு அறுக்காமலிருக்க அவள் போடும் காலுறைகளைச் சித்தி சுருட்டிக் கையில் வைத்திருந்தார். துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலையிலிருந்த அத்தான் வேலை உடுப்போடு அப்படியே ஓடிவந்து, சுவரில் சாய்ந்து நின்றார்.

இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் அக்கா பேசும் நிலைக்கு வந்தபின் டாக்டர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"வேல நேரத்துல குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"அங்கன எடம் இல்ல, டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. "தண்ணி வைக்க எடம் இல்லையா?"

அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் சித்திதான் சொன்னார்: "பொம்பளையாளு ஒதுங்க எடமில்லம்மா. அதனால யாரும் குடிக்க மாட்டோம். அடக்கிக்கிடுவோம். பழகிப்போச்சு."

டாக்டர் ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். அடிக்கடி காய்ச்சல் வருமா, எரிச்சல் உண்டா, இடுப்பு வலி எத்தனை காலமாக என்றெல்லாம் மெதுவாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்கா ஆமாம் என்றாள். மெடிக்கல் கடை அண்ணாச்சியிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வருஷங்களை ஓட்டியிருக்கிறாள்.

வராந்தாவில் என்னையும் அத்தானையும் நிறுத்தி டாக்டர் விஷயத்தைச் சொன்னார். ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. மற்றதில் கல்லும் கிருமித்தொற்றும் சேர்ந்து பெருமளவு கெட்டிருக்கிறது. "இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல முடியாது. ஆனா, வெயில்ல நின்னு, தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி... இதெல்லாம் சேர்ந்திருக்கு. இனிமே அளத்துக்கு அனுப்பாதீங்க." பிறகு வார்டுப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இந்த வார்டுலயே உப்பள வேலைக்குப் போறவங்க இன்னும் சிலர் இருக்காங்க."

அத்தான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சரியாயிருமா, டாக்டர்?"

"மேல கெடாம பாத்துக்கலாம்," என்றார் அவர்.

அக்கா வீட்டுக்கு வந்தபிறகு சித்தி ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "நீதான் நாலு ஆபீஸ் தெரிஞ்சவ. எங்கன போய்க் கேக்கணும், சொல்லு. எம் மருமவ அடுத்த மாசம் அளத்துக்கு வாரேங்கா. அவளையும் இப்படிக் கெடத்த மாட்டேன்."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். அதற்குப் போவோம் என்றேன். வருவதாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். பஸ் ஏறியவர்கள் சிலர்தான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர எல்லோராலும் முடியாது. வந்தவர்களும் பண்டிகைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து நின்றார்கள். பட்டா கேட்பவர்கள், மூன்று சக்கர வண்டி கேட்பவர்கள், தண்ணீர்க் குழாய் கேட்பவர்கள் என்று கூட்டம் நிறைந்திருந்தது. எங்கள் முறை வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "என்னம்மா பிரச்சினை?" என்றார். ஆண். வயதானவர். நல்லமாதிரிதான் கேட்டார். எங்கள் பக்கம் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சித்திக்கே வரவில்லை. நான்தான், "உப்பளத்துல வேலை செய்யுற பொம்பளைகளுக்குக் கக்கூஸ் வேணும் சார்," என்றேன். பின்னால் நின்ற பெண்களில் யாரோ என் முதுகைக் கிள்ளினார்கள், இவ்வளவு சத்தமாகவா சொல்வது என்று.

அவர் மனுவை வாங்கி, சம்பந்தப்பட்ட இடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். சம்பந்தப்பட்ட இடம் எது என்பதுதான் அதன்பின் சில மாதங்கள் எங்களை அலையவிட்டது.

பஞ்சாயத்தில், அளம் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே கட்ட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். அளம் அரசாங்கக் குத்தகை நிலம். குத்தகை எடுத்திருப்பவர்தான் முதலாளி. அவரிடம் போனால், "எடம் தாரேன், கட்டுறதுக்கு நானா ஆளு? கவர்மெண்டு நெலத்துல நான் எப்படிக் கட்டடம் எழுப்ப?" என்றார். தொழிலாளர் நல ஆபீசில் உப்பளத் தொழிலாளர்களுக்கு என்னென்ன வசதி செய்துகொடுக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்காட்டினார்கள். விதி நன்றாகவே இருந்தது. குடிநீர், நிழல், கழிப்பறை, முதலுதவி எல்லாம் அதில் இருந்தன. நான் அதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாத்தையும் யாரோ நெனச்சுத்தான் எழுதி வச்சிருக்காவ," என்றார் சித்தி. "நம்மகிட்ட கொண்டாந்து குடுக்கதான் ஆளில்ல."

ஒருவரும் எங்களை விரட்டவில்லை. அதையும் சொல்ல வேண்டும். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னவர்கள் உண்டு. டீ வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு ஆபீசிலும் அவர்கள் சொன்ன காரணம் உண்மையாகவே இருந்தது. எல்லா உண்மைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், உச்சி வெயிலில் நிற்கிற பெண் எவருடைய பொறுப்பிலும் இல்லை.

ஆடி மாதத்தில் எங்கள் மனுவின்பேரில் அளத்தைப் பார்வையிட ஒரு பெண் அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜீப் ரோட்டிலேயே நின்றுவிட்டது. வரப்பு வழியாக நடந்துதான் வர வேண்டும். நானும் அன்று லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அவர் ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்தார். கேள்வி கேட்டார். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், சாப்பாடு எங்கே சாப்பிடுவீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது. உப்பின் வெண்மை கண்ணைக் குத்தியது. அவருடைய முகம் சிவந்து, உதடு காய்ந்துவிட்டது.

சித்தி ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துவந்து நீட்டினார். "குடிங்க மேடம். நல்ல தண்ணிதான்."

அவர் வாங்கினார். மூடியைத் திறந்தார். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். பாத்திகள், வரப்புகள், தூரத்தில் ஒரு லாரி, ரொம்ப தூரத்தில் அவருடைய ஜீப். பிறகு மூடியைத் திருகிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சித்தியும் பாட்டிலை வாங்கிக்கொண்டு, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த அதிகாரி கிளம்பும்போது என்னிடம் போன் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டு, தன்னுடையதையும் கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்து அடுத்த வேலைப்பருவம் தொடங்குமுன் கட்டடம் வந்தது. வந்த இடம்தான் கோளாறு. கார் வந்து நிற்க வசதியாக மெயின்ரோட்டு ஓரத்திலேயே கட்டிவிட்டார்கள். பெண்கள் வேலை செய்யும் பாத்தியிலிருந்து அங்கே நடந்துபோய் வந்தால் கங்காணி அன்றைக்குப் பாதிக் கூலிதான் போடுவார். தண்ணீர் இணைப்புக் கிடையாது. திறப்புவிழாவுக்கு வாழைமரம் கட்டினார்கள். நாலு பெண்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாளே பூட்டுப் போட்டுச் சாவியை முதலாளியின் கணக்கப்பிள்ளை எடுத்துக்கொண்டுபோனார். திறந்துபோட்டால் வருகிறவன் போகிறவன் எல்லாம் நாசமாக்குவான் என்றார் அவர்.

அந்தப் போட்டோவை நான் அக்காவிடம் காட்டினேன். அவள் அப்போது வீட்டோடு இருந்தாள். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. சுகாதாரத்துறைப் பெண் ஒருத்தி வீட்டுக்கே வந்து ரத்தஅழுத்த மாத்திரை கொடுத்துவிட்டு, காலில் வீக்கம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுப் போவாள். அக்காவுக்கு அவளைப் பிடிக்கும். அவள் வரும் நாளில் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போட்டோவைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா ரோட்டுல போற பஸ்சுல உள்ளவனெல்லாம் பாப்பானே. இவளுவ எப்படிப் போவாளுவ?" கட்டடத்துக்கு வரைபடம் போட்ட யாரும் அவளிடம் இதைக் கேட்டிருக்கவில்லை.

நான் அந்தப் பெண் அதிகாரிக்குப் போன் செய்தேன். எடுப்பார் என்று நம்பிச் செய்யவில்லை. எடுத்தார். பூட்டின சங்கதியைச் சொன்னேன். அந்த வாரமே முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினார்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"கணக்கப்பிள்ளைகிட்ட, மேடம். டவுனுக்குப் போயிருக்காவ," என்றார் சித்தி.

"வரச் சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

பூட்டிய கதவுக்கு முன்னால், வெயிலில், அவர் நின்றார். ஜீப்பில் உட்காருங்கள் என்று டிரைவர் இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை பைக்கில் வந்து இறங்கியபோது பதறிப்போய்விட்டார். அதிகாரி அவரைத் திட்டவில்லை. முதலாளிக்குப் போன் போடச் சொல்லி, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். பிறகு சித்தியைப் பார்த்து, "எங்கே இருந்தா நீங்க போவீங்க? எனக்குக் காட்டுங்க," என்றார்.

சித்தி அவரைத் தட்டுமேட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனார். உப்புக் குவியல்களுக்குப் பின்புறம், லாரி வழிக்கு முதுகு காட்டினாற்போல ஓர் இடம். "இங்கன. கதவு அந்தப் பக்கம் பாத்து. தண்ணிக்கு ஒரு டிரம். சாவி எங்ககிட்ட இருக்கணும்." அவ்வளவுதான் கேட்டார்.

அது நடக்க மறுபடியும் மாதங்கள் ஆயின. நடந்தது. தூக்கிவைக்கும் மாதிரியான ஃபைபர் கழிப்பறைகள் இரண்டு வந்தன. குத்தகைக்காரர் இடத்தைச் சமப்படுத்திக் கொடுத்தார். பஞ்சாயத்து டேங்கர் தண்ணீர் நிரப்பியது. எங்கள் எல்லை இல்லை என்று சொன்ன அதே பஞ்சாயத்துதான். யார் எழுத வேண்டுமோ அவர் ஒரு உத்தரவு எழுதியதும் எல்லை நகர்ந்துவிட்டது. சாவி சித்தியின் இடுப்பில் தொங்கியது. ஒரே பருவத்தில் பெண்களிடம் வித்தியாசம் தெரிந்தது. தண்ணீர்க் குடம் நடுக்காலையிலேயே காலியானது. இன்னொரு குடம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். சித்தியின் மருமகள் மாதவிலக்கு நாட்களிலும் விடாமல் வேலைக்கு வந்தாள்.

அக்காவுக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த வருஷமே அவளுடைய இரண்டாவது சிறுநீரகமும் கைவிட்டது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். அரசு காப்பீட்டு அட்டையில் நடக்கிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் போகிறாள். முடியாத நாளில் அத்தான் ஆட்டோ பிடிப்பார். மெஷின் ஓடும் நான்கு மணி நேரமும் சுத்தமான போர்வை, குளிர்ந்த அறை, அடிக்கடி வந்து பார்க்கும் நர்ஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா முதலில் சேர்ந்தபோது எங்களிடம் பேசிய அந்த இளவயது டாக்டரை ஒருநாள் அங்கே பார்த்தேன். அளத்தில் கழிப்பறை வந்த செய்தியைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு வரிசையாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்களைப் பார்த்தபடி, "நோய் வந்தபிறகு எவ்வளவோ செய்ய முடியுது நம்மால," என்று மட்டும் சொன்னார்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அக்கா வீட்டில் ஒரு சின்ன டம்ளரை அதற்கென்று வைத்திருக்கிறாள். கோடையில் நாக்கு வறண்டு தவிப்பாள். ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அதக்கிக்கொள்வாள். ஒரு மத்தியானம் நான் அருகில் இருந்தபோது, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப தண்ணி இருந்துச்சு, எடமில்ல. இப்ப எடம் வந்துருச்சு, தண்ணி குடிக்கக் கூடாதுங்காவ. என்னத்தச் சொல்ல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அத்தான்தான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் அவள் கால் வீக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த விஷயத்தை நான் பலமுறை எனக்குள் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். என் அக்காவுக்குக் கெடுதல் செய்ய நினைத்தவர் ஒருவரும் இல்லை. அவளுக்காக எழுதப்பட்ட விதி இருந்தது. அவளைக் காப்பாற்ற ஆஸ்பத்திரி இருந்தது. இன்றும் அதுதான் அவளை உயிரோடு வைத்திருக்கிறது. அந்த மெஷினுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் விதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில், அவள் வேலை செய்த அத்தனை வருஷங்களில், ஒரு கதவு வைக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. நல்லாட்சி என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு அந்த வெற்றிடம்தான் நினைவுக்கு வருகிறது. பெண் அதிகாரி மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. ஒரு மனுஷி வெயிலில் நின்றதால் கிடைத்த வசதி, அவர் போனபின் நிலைக்குமா?

இந்த ஐப்பசியில் பெருமழை. அளம் முழுக்கத் தண்ணீர். வரப்புகள் கரைந்து, பாத்தியெது வாய்க்காலெது என்று தெரியாமல் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் சித்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், இரண்டு கழிப்பறைகளில் ஒன்று சாய்ந்து சேற்றில் புதைந்து கிடக்கிறது என்று. பஞ்சாயத்தில் சொன்னோம். ஆட்கள் இல்லை, ரோட்டு வேலை முடியட்டும் என்றார்கள். அதுவும் நியாயமான பதில்தான். ஊரில் பல வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது.

அளத்தில் மழைக்குப்பின் முதல் வேலை வரப்புக் கட்டுவது. இந்த வருஷம் பெண்கள் மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் தட்டுமேட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். கயிறு கட்டி, அடியில் பலகை கொடுத்து, சேற்றிலிருந்து அதைப் பையப் பைய இழுத்தோம். சித்தியின் மருமகள் முழங்கால்வரை இறங்கி நின்று தோளால் முட்டுக்கொடுத்தாள். ஆண்கள் சிலர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, பிறகு கேட்காமலேயே வந்து கயிற்றைப் பிடித்தார்கள். கதவு நெளிந்திருந்தது, தாழ்ப்பாள் மட்டும் கெடவில்லை.

பாதி நிமிர்ந்திருந்தபோது என் போன் அடித்தது. அக்கா. அன்று அவளுக்கு ஆஸ்பத்திரி நாள். ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும். இன்னொரு கையால் போனைப் பிடித்திருப்பாள். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"நிமித்தியாச்சா?"

"இன்னும் இல்லக்கா. பாதி வந்திருக்கு."

"விட்டுட்டு வந்துராதிய," என்றாள். "நல்லாப் பிடிச்சு இழுங்க."

நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் கயிற்றைப் பிடித்தேன்.